நேராக்கிய விரல்

போன வாரக் கதையில் டிராயிங் டீச்சரை விமானத்தில் ஏற்றிவிட்டு, நடுவானில் அம்போ என்று விட்டுவிட்டதாகச் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். கவலை வேண்டாம். பத்திரமாக இறங்கிவிட்டாள். இறங்கி இன்றோடு மூன்று நாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் இவள். பள்ளி ஆசிரியர்களுக்கென்று வெளிநாட்டில் நடக்கிற பன்னிரண்டு நாள் படிப்பு ஒன்று உண்டு. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை நேரில் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவார்கள். விண்ணப்பம் போட்டுப் போட்டு நாலாவது வருஷம்தான் இடம் கிடைத்தது. கிடைத்த தேதியைப் பாருங்கள், ஒரே பெண்ணுக்கு ஓவியக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு நடக்கிற அதே வாரம்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பெயர் வாலு. சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்கு அப்பா வைத்தது. பதினெட்டு வயதில் சேட்டை போய், பேச்சும் பாதி குறைந்து, பெயர் மட்டும் மிச்சம். போவதா வேண்டாமா என்று அம்மா ஐந்து வாரம் அல்லாடியபோது அவள்தான் முடித்து வைத்தாள். "நீ போம்மா. எனக்கென்ன, நான் பாத்துக்கறேன்." அந்தக் குரலில் இருந்தது அன்பா, நிம்மதியா என்று டீச்சருக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்றுதான் அந்தத் தேர்வு. ஊரில் பிற்பகல் மூன்று மணி. இங்கே அப்போது காலை பதினொன்றரை.

காலையிலிருந்தே டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். விடுதி அறையின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினாள். இடது மணிக்கட்டில் இந்த ஊர் நேரம், வலது மணிக்கட்டில் வீட்டு நேரம் என்று இரண்டு கடிகாரம் கட்டியிருந்தாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதைக் கைக்கு மாற்றிக்கொண்டதுபோல.

ஓவியக்கூடத்தின் வாசலில் செல்போனை வாங்கி ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, எண் போட்ட வில்லையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே போனால் வெளியுலகம் கிடையாது.

பாடம் எடுப்பவளுக்கு வயது முப்பதுக்கு மேல் போகாது. பழைய படங்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவள் வேலை. உரிந்த வண்ணத்தை ஒட்டுவாள், அழுக்கை எடுப்பாள், செல்லரித்த பலகைக்கு மருந்து போடுவாள். டீச்சர் மனதுக்குள் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தாள். வெவ்வேறு தேசங்களிலிருந்து வந்த இருபது ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி நோட்டும் பென்சிலுமாக அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று அவள் ஒரு பெரிய மரப்பலகை ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, தாங்கியில் நிறுத்தியிருந்தாள். ஐந்நூறு வருஷத்துப் படம். ஏழு பேர் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் ஓவியம் என்பது ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்த காரியமில்லை என்று ஆரம்பித்தாள். அது ஒரு பட்டறை. குரு இருப்பார், சீடர்கள் இருப்பார்கள். ஒருவன் வண்ணம் அரைப்பான், ஒருவன் மரத்துக்குப் பூச்சு கொடுப்பான், நாலு பேர் ஆளுக்கொரு உருவம் வரைவார்கள், கடைசியில் எல்லாம் குருவின் பெயரில் போகும். சொல்லிவிட்டுக் கேள்வி போட்டாள். இதில் எங்கேயோ ஓர் இடத்தில் குரு தன் கையால் திருத்தியிருக்கிறார். எந்த இடம்?

மற்றவர்கள் மூக்கு முட்டும்படி கிட்டே போய்ப் பார்த்தார்கள். பாதிப் பேர் சரித்திர ஆசிரியர்கள், வருஷம் கேட்டால் சொல்வார்கள், கோடு கேட்டால் எங்கே போவார்கள். நம் டீச்சர் எட்டவே நின்று பார்த்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. இடதுபக்கத்திலிருந்து நாலாவது ஆள், அவனுடைய மணிக்கட்டு என்றாள்.

டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் மாட்டினாள். வண்ணத்துக்கு அடியில் இருக்கிற கோடுகளைக் காட்டும் விசேஷக் கேமராவில் எடுத்தது. மணிக்கட்டுக்கு அடியில் தடுமாறிய கோடு ஒன்று, அதன்மேல் வேறொரு கோடு. எல்லாரும் கைதட்டினார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள்.

டீச்சர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மற்ற கோடுகள் தயங்கித் தயங்கிப் போகின்றன, இந்த ஒரு கோட்டுக்கு மட்டும் சந்தேகமே இல்லை, அதனால் தெரிந்தது என்றாள். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. டாக்டரம்மாவும் ஆமோதித்தாள். கைதேர்ந்த ஒருவர் ஓரிடத்தில் தொட்டால் போதும், பார்க்கத் தெரிந்தவர்களிடமிருந்து அதை மறைக்கவே முடியாது.

கைதட்டல் அடங்குவதற்குள் டீச்சருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒன்பதாவது படம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் நடந்தது அது. கல்லூரிக்கு எடுத்துப் போகவேண்டிய பன்னிரண்டு படங்களையும் வாலு சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துவிட்டு, ஃபைலுக்கு அட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். டீச்சரும் அதைத்தான் செய்தாள், எட்டு படம் வரைக்கும்.

ஒன்பதாவது, அப்பா கடையில் உட்கார்ந்து வேலை செய்கிற படம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறார், முகம் குனிந்திருக்கிறது. அருமையான படம். ஆனால் இடது கைச் சுண்டுவிரல் கோணிக்கொண்டு எங்கோ போயிற்று. டீச்சரின் கொண்டையில் எப்போதும் ஒரு ஃபோர் பி பென்சில் சொருகியிருக்கும். எடுத்தாள். நாலே கோடு. விரல் நேராயிற்று. பென்சில் திரும்பக் கொண்டைக்குப் போயிற்று. அதை மறந்தேபோனாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு தாளில் செய்கிற காரியம், இதை யார் கணக்கு வைத்துக்கொள்வார்கள்?

ஆனால் அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. இவை அனைத்தும் என் கைப்பட, பிறர் உதவியின்றி வரைந்தவை என்று வாலு கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து: தாய், ஓவிய ஆசிரியை. பொய் என்று தெரிந்தால் இந்த வருஷம் மட்டுமில்லை, மூன்று வருஷத்துக்கு அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. எதிரே உட்காரப்போகிற மூன்று பேரும் ஓவியத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தூரத்து ஊரிலிருந்து வந்த பள்ளிக்கூட டீச்சருக்கு மூன்று நிமிஷம் ஆனது அவர்களுக்கு முப்பது விநாடிகூட ஆகாது. வாலுவுக்கோ விஷயமே தெரியாது. "இது யார் போட்ட கோடு?" என்று கேட்டால், பாவம், நான்தான் என்று சத்தியம் பண்ணுவாள்.

வலது கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டில் மணி இரண்டே கால்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து வெளியே நடந்தாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி படியிறங்கி, வில்லையைக் கொடுத்துப் போனை வாங்கினாள். இணைப்பு கிடைப்பது எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில்தான். ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வாலுவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவருக்குப் போட்டாள். ஐந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"சொல்லும்மா. சாப்டாச்சா?"

"வாலு எங்கங்க?"

"உள்ள போய் உக்காந்துட்டா. உள்ள போன் கூடாதாம், ஆஃப் பண்ணி என்கிட்ட குடுத்துட்டா. நான் வெளிய சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கறேன். இங்க வெயில் இருக்கே..."

வெயிலைப் பற்றிப் பேச நேரமில்லை என்று அவரை நிறுத்தி, டீச்சர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். மேஜை, பட்டர் பேப்பர், பென்சில்.

"எந்தக் கைன்னு சொன்னே?"

"இடது கை. சுண்டுவிரல். அவ கோணலா போட்டிருந்தா, நான் நேராக்கினேன்."

"என் விரல் கோணல்தானேம்மா" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மனிதர் ரொம்பச் சாதாரணமாக, கடைக்கு வந்தவரிடம் பவர் சொல்வதுபோலச் சொன்னார்.

வாலுவுக்கு மூன்று வயதாக இருந்தபோது, லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தில் மாட்டி வளைந்துபோன விரல். ஒரு மாதம் அதற்குக் கட்டுப் பிரித்துக் கட்டுப் போட்டதே இவள்தான். பதினைந்து வருஷமாக அந்தக் கையால்தான் காபி வாங்கிக் குடிக்கிறாள். பெண் பார்த்து வரைந்திருக்கிறாள். பெண்டாட்டி பார்க்காமலே திருத்தியிருக்கிறாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சரி விடு. என் விரலை யாரு பாக்கப் போறா" என்று அவரே சமாதானம் பேசினார். கண்ணாடி சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவரிடம், உங்க கண்ணு கொஞ்சம் மாறியிருக்கும் சார் என்று பேசியே அனுப்பி வைக்கிறவர் அவர். எந்தப் பிரச்சினையையும் துணியால் துடைத்துவிடலாம் என்று நம்புகிற ஜாதி.

டீச்சர் காலையில் நடந்ததைச் சொன்னாள். விரல் யாருடையது என்பது அந்த மூன்று பேருக்கும் தெரியவேண்டாம், கோடு அவளுடையதில்லை என்பது தெரிந்துவிடும் என்றாள்.

"இப்பப் போய்ச் சொன்னா பொண்ணு உடைஞ்சு போயிடுவாம்மா. இன்னும் அரை மணிதான் இருக்கு."

"சொல்லாம விட்டா அங்க உள்ள உடைவா. மூணு பேர் முன்னாடி. நீங்க சொன்னா உங்க முன்னாடி மட்டும்தான்."

உள்ளே விடமாட்டார்கள் என்றார். வாட்ச்மேன் ஆள் ஒரு மாதிரி என்றார். கடைசியில், "பாக்கறேன்" என்றார். அப்புறம் போன் நின்றுபோயிற்று. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் மனுஷி என்ன செய்வாள்? தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒரு பூக்கடைக்காரி மூன்றாவது தடவை இவளைப் பார்த்துச் சந்தேகமாக எழுந்து நின்றாள். மணி பதினொன்றரை ஆயிற்று. அதற்குமேல் தெருவில் நிற்கவும் காரணம் இல்லை. போனை மறுபடி பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே ஆளுக்கொரு உருவத்தைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தார்கள். வரைந்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கவேண்டும். டீச்சருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் ஆறடி உயரச் சரித்திர ஆசிரியர், நல்ல மனிதர். அவர் வரைந்திருந்த கை, தண்ணீர் நிரப்பிய கையுறை மாதிரி இருந்தது. இவள் கெட்டிக்காரி என்று காலையிலேயே தெரிந்துபோனதால் ஆசையோடு தாளை நீட்டினார்.

டீச்சர் பென்சிலை எடுத்தாள். தாளின்மேல் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. ஒருவேளை இந்த ஆளுக்கு அந்தக் கை இப்படித்தான் தெரிகிறதோ என்னவோ. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் தன் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

சாப்பாட்டு இடைவேளை ஒரு மணிக்கு. டீச்சர் சாப்பிடப் போகவில்லை. டீக்கடைக்காரர் இவளைப் பார்த்ததும் கேட்காமலே டீ வைத்தார். போனை எடுத்துப் பத்து நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். அடித்தது. வாலு.

"அப்பா சொல்லிட்டாரும்மா."

"எப்படிடா உள்ள விட்டாங்க?"

பெண் கண்ணாடியை மறந்துவிட்டாள், கண்ணே தெரியாது என்று வாட்ச்மேனிடம் சொன்னாராம். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டினாராம். வாலுவுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. முப்பது வருஷத் தொழிலில் அவர் சொன்ன முதல் முழுப்பொய் அதுவாகத்தான் இருக்கும். இதை வாலு சிரிக்காமல் சொன்னாள். டீச்சருக்கு அப்போதுதான் பயம் கூடியது.

உள்ளே கூப்பிட்டதும் வாலு யாரும் கேட்பதற்கு முன்னால் ஒன்பதாவது படத்தை உருவி மேஜையில் வைத்தாளாம். இதில் இந்த விரல் மட்டும் எங்கம்மா போட்டது, எனக்கே இப்போதுதான் தெரியும், இதைச் சேர்க்கவேண்டாம் என்றாளாம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டவில்லை. நடுவில் இருந்தவர், உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷம் என்றார். டீச்சருக்கு உயிர் வந்தது. வந்த உயிரை அடுத்த வாக்கியம் பிடித்துக்கொண்டது.

"மிச்சம் பதினொண்ணையும் பரப்பி வெச்சாங்கம்மா. இதுல முழுக்க உன்னோடது எதுன்னு நீயே பிரிச்சுக் குடுன்னாங்க."

"எல்லாமே உன்னோடதுதானேடா. நான் தொட்டது அது ஒண்ணுதான்."

"ஏழைப் பிரிச்சுட்டேன். நாலு படத்துல என்னால சொல்ல முடியலம்மா. அதுல இருக்கற கோடு நான் போட்டதா, நீ போட்டதான்னு எனக்கே தெரியல."

டீக்கடையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். டீச்சர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லும்மா. அந்த நாலுல எதைத் தொட்டே? ஏணி இருக்கே, அது? பஸ் ஸ்டாப்? துணி காயப்போட்ட கொடி? உன் படம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஏணியின் நிழல் நினைவுக்கு வந்தது. அது இவள் போட்டதா, இப்படிப் போடு என்று சொன்னதா? பஸ் ஸ்டாப்பில் குடையின் வளைவு? போகிற போக்கில், குழம்பைக் கிண்டிவிட்டு வருகிற வழியில், ஒரு கோடு. இருபத்திரண்டு வருஷமாகக் கை அதன்பாட்டுக்குச் செய்துவந்த வேலைக்கு மனதில் குறிப்பே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்வாள். பொய் சொல்லித் தேற்றலாம். அந்தப் பொய்யும் ஒரு திருத்தம்தான் என்று தோன்றியது.

"தெரியலடா" என்றாள். "நெஜமாவே எனக்குத் தெரியல."

வாலு அழவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு படம் வரையவேண்டும், இரண்டு மணி நேரம். அதை வைத்துத்தான் முடிவு. தேறாவிட்டால் உறுதிமொழி பொய் என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுடா."

"நாளைக்கு அது முடியற வரைக்கும் என்கிட்ட பேசாதே. போன் பண்ணாதே, மெசேஜ் அனுப்பாதே. நீ எதுனா சொன்னா வரையறப்போ அதுதான் காதுல கேக்கும். ஒரே ஒரு படமாவது நான் தனியா தப்புப் பண்ணிப் பாக்கறேன்."

சரி என்றாள் டீச்சர். சத்தியமாகவே சரி என்று நினைத்துத்தான் சொன்னாள். போன் வைக்கப்பட்டது.

அதன்பிறகு அந்த டீக்கடையில் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. நாளைக்குப் பெண் எந்த நாற்காலியில் உட்காருவாள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும், பதற்றத்தில் பென்சிலை அழுத்திப் பிடித்துவிடுவாளே, அப்படிப் பிடித்தால் கோடு கறுத்துவிடுமே என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. தாயாக ஒரு கவலை, டீச்சராக இன்னொரு கவலை. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

எதிரே ஓவியக்கூடத்தின் கதவைத் திறந்தார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். போனை அணைக்கலாம் என்று குனிந்தவள் திரையைப் பார்த்தாள்.

'பென்சில அழுத்தாதே. லேசா பிடி. முதல்ல வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாத்துக்கோ.'

வாலுவுக்குப் போயிருந்தது. எப்போது எழுதினாள், எப்போது அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நெருப்பைத் தொட்டவள்போல அதை அழிக்கப் போனாள். அதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.

வாலு ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. பதில் வரவில்லை.